எரிவாயு உலர்த்தும் நிலையங்களும் கிளைக்கால் நுரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகையில் வயல்களுக்கு அடியில் செல்லும் எரிவாயுக் குழாய்களைப் பற்றிப் பத்திரிகைகளில் அவ்வப்போது வரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். குழாய் எத்தனை அடி ஆழத்தில் போகிறது, பதித்து எத்தனை ஆண்டுகள் ஆயிற்று, பயிருக்கு இழப்பீடு எவ்வளவு என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால், அந்தக் குழாய்க்குள் போகிற வாயு உலர்ந்ததா, ஈரமானதா என்று எவரும் கேட்டு நான் படித்ததில்லை. எரிவாயு சேகரிப்பு நிலையங்களில், சில ஆண்டுகள் இங்கேயும் பல ஆண்டுகள் வளைகுடா நாடுகளிலுமாக, முதலில் ஆபரேட்டராகவும் பிறகு ஷிப்ட் பொறுப்பாளராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தை வைத்து இந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். புதிய கிணறுகள் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. டெல்டாவில் புதிய திட்டங்களை 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுக்கிறது. ஏற்கெனவே இருப்பவை இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

2014 ஜூன் 27 அன்று விடியற்காலையில், ஆந்திர மாநிலத்தின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தைச் சேர்ந்த நகரம் என்னும் கிராமத்தில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்து, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். தென்னை மரங்களும் வீடுகளும் கருகி நின்ற படங்களை அன்று எல்லாப் பத்திரிகைகளும் வெளியிட்டன. உலர்ந்த வாயுவுக்காகப் பதித்த குழாயில் ஈர வாயு போய்க்கொண்டிருந்தது என்பதும், அந்த நீர் குழாயை உள்ளிருந்தே அரித்திருந்தது என்பதும், உலர்த்தும் அமைப்பு உரிய காலத்தில் நிறுவப்படவில்லை என்பதும் பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தன. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னதாக, 2000 ஆகஸ்ட் 19 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் ஊருக்கு அருகே 30 அங்குலக் குழாய் ஒன்று வெடித்தபோது, ஆற்றங்கரையில் கூடாரமடித்துத் தங்கியிருந்த ஒரே குடும்பத்தின் உறவினர்கள் 12 பேர் இறந்தார்கள். அங்கும் குழாயைத் தின்றது உள்ளே தேங்கிய நீரும் அதிலிருந்த உப்பும்தான்.

நகரம் கிராமத்தில் நேர்ந்தது, உலர்த்தும் ஏற்பாடே இல்லாததால் வந்த விபத்து. ஏற்பாடு இருந்தும் அது பெயரளவில் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பது என் கவலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வாயுவை உலர்த்தும் டவர் நிற்பது தெரியும், பம்பு ஓடுவது கேட்கும், உலர்த்தும் திரவத்தைக் காய்ச்சும் ரீபாய்லரின் புகைபோக்கி சூடாக இருக்கும். வாயு மட்டும் ஈரமாகவே போய்க்கொண்டிருக்கும்.

கிணற்றிலிருந்து வரும் வாயு நீராவி நிறைந்தே வரும். 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 70 பார் அழுத்தத்திலும் ஒரு கன மீட்டர் வாயு ஏறத்தாழ ஒரு கிராம் நீரைச் சுமந்திருக்கும். நாளொன்றுக்குப் பத்து லட்சம் கன மீட்டர் அனுப்பும் நிலையத்தில் அது ஒரு டன் தண்ணீர். நெடுந்தூரக் குழாய்க்குள் விடுவதற்கு முன் இதைச் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். அமெரிக்காவில் நெடுங்காலமாக வழக்கில் இருக்கும் வரம்பு பத்து லட்சம் கன அடிக்கு 7 பவுண்டு, அதாவது கன மீட்டருக்கு 112 மில்லிகிராம். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ட்ரைஎத்திலீன் கிளைக்கால் என்ற நிறமற்ற, சற்றே கெட்டியான திரவம். உயரமான டவருக்குள் வாயு கீழிருந்து மேலேற, கிளைக்கால் மேலிருந்து தட்டு தட்டாக இறங்கும். தண்ணீரைக் குடித்த கிளைக்கால் அடிவழியே வெளியேறி, ரீபாய்லரில் சுமார் 200 டிகிரிக்குச் சூடாகி, குடித்ததை ஆவியாக வெளியே விட்டுவிட்டு, 98.5 சதவீதத்துக்கும் மேலான தூய்மையோடு மறுபடியும் டவரின் உச்சிக்குப் போகும். அதே திரவம்தான் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. வாயுவோடு வந்த அழுக்கில் ஆவியாகிப் போகாதது எதுவோ அது அதற்குள்ளேயே தங்கி, நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். பின்னால் வரும் தொல்லைகள் அநேகமாக எல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

சுத்தமான கிளைக்காலில் குமிழி எழும்பும், உடனே உடையும். வீட்டில் உலை கொதிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெறும் தண்ணீர் கொதிக்கும்போது குமிழிகள் வந்த வேகத்தில் உடைந்துவிடுகின்றன. அரிசி களைந்து போட்டுக் கஞ்சி இறங்கியதும் அதே குமிழிகள் உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூடியைத் தள்ளுகின்றன. டவருக்குள் அந்தக் கஞ்சியின் வேலையைச் செய்பவை, வாயுவோடு வந்து சேர்ந்த எண்ணெய், குழாய் துருப்பிடிக்காமல் இருக்கக் கிணற்றில் செலுத்தும் மருந்து, கம்ப்ரஸரிலிருந்து கசிந்த மசகெண்ணெய், மாவுபோன்ற துருத்தூள் ஆகியவை. நுரை எழுந்துவிட்டால் தட்டுகளில் திரவம் நிற்பதில்லை. மேலே போகிற வாயு அதையும் அள்ளிக்கொண்டு குழாய்க்குள் போய்விடுகிறது. விலை கொடுத்து வாங்கிய கிளைக்காலும் போகிறது, வாயுவும் உலராமல் போகிறது. மறுமுனையில் இருப்பது எரிவாயு மின்நிலையம் என்றால், அந்தக் கிளைக்கால் டர்பைனின் எரிபொருள் பாதையில் போய்ப் படிகிறது.

நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த நாடு, எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. வயதான சில கிணறுகளில் தண்ணீர் ஏறி வாயுவின் வரத்தை அடைத்துக்கொண்டிருந்ததால், தண்ணீரை நுரையாக்கி மேலே தள்ளுவதற்காகக் கிணற்றுக்குள் சோப்புக் குச்சிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொழிலில் இது சாதாரணமாக நடப்பதுதான். எங்கள் நிலையத்தில் மாதத்துக்கு ஒரு டிரம் கிளைக்கால் ஊற்றினால் போதும் என்றிருந்தது, திடீரென்று வாரத்துக்கு இரண்டு டிரம் ஆயிற்று. டவரின் மேலுக்கும் கீழுக்குமான அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் முள் நடுங்கிக்கொண்டே இருந்தது. பகல் ஷிப்ட் இன்ஜினீயர், வாயு உலரவில்லை என்றால் கிளைக்கால் போதவில்லை என்று பொருள் என முடிவு செய்து, பம்பின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். நுரை அதிகமாயிற்று. பிறகு நுரையடக்கி மருந்து வந்தது. முதல் லிட்டருக்கு அரை நாள் அமைதி, அடுத்த லிட்டருக்கு நான்கு மணி நேரம், அதற்குப் பிறகு ஸ்டோரிலிருந்து அட்டைப் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். கிளைக்காலிலுள்ள அழுக்கைக் கரியால் பிடிக்கும் கார்பன் ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது என்று யாரோ, அதற்குள் போகாமல் கிளைக்காலைச் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வைத் திறந்து வைத்திருந்தார்கள். யார், எப்போது என்று லாக் புக்கில் ஒரு வரிகூட இல்லை.

மூன்று வாரம் இப்படிப் போன பிறகு, ஓர் இரவு ஷிப்டில் மூத்த ஆபரேட்டர் ஒருவர் டவர் பக்கமே போகாமல், நிலையத்தின் வாசலில் இருக்கும் செபரேட்டரிடம் போய் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயு நிலையத்துக்குள் நுழைந்ததும் அதிலிருக்கும் தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்து வடிக்கும் பெரிய கலம் அது. உள்ளே திரவம் எவ்வளவு நிற்கிறது என்பதை அதன் லெவல் கண்ணாடி காட்டும். நான் போய், "அண்ணே, லெவல் கண்ணாடி பாதின்னுதானே காட்டுது?" என்று கேட்டேன். "மூணு வாரமா அதே பாதியிலதானே நிக்குது, தம்பி" என்றார். மேலும் கீழும் இருந்த வால்வுகளை மூடி, அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினோம். கீழ்த் துளையில் மெழுகும் சேறும் கலந்து, பழைய கிரீஸ் போல இறுகிப்போயிருந்தது. அதைச் சுத்தம் செய்து மாட்டி வால்வைத் திறந்ததும் திரவம் கண்ணாடியின் உச்சிக்கு ஏறியது. கலம் முழுதும் நிரம்பி, சோப்புத் தண்ணீரும் எண்ணெயும் பிரியாமல் நேராக டவருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. வடிகால் வால்வைப் பழுது பார்த்து, வாயுவோடு போகும் துளிகளைப் பிடிக்க வேண்டிய, கலத்துக்குள் சரிந்து கிடந்த கம்பிவலைப் படுகையை மாற்றி, சோப்புக் குச்சி போடும் நேரத்தை முன்கூட்டியே சொல்லும்படி கிணற்றுப் பக்கத்தாரிடம் ஏற்பாடு செய்தார்கள். அதன் பிறகும் பழைய அழுக்கு கிளைக்காலை விட்டுப் போக இரண்டு மாதம் பிடித்தது. நுரையடக்கி மருந்துக்கு ஆன செலவை யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நுரையடக்கியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பருப்பு பொங்கி வழியும்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுவது போன்றது அது. பொங்கல் அடங்கும், அடுப்பும் பாத்திரமும் அப்படியேதான் இருக்கும். அவசரத்துக்குச் சிறிதளவு ஊற்றி, அந்த அவகாசத்தில் காரணத்தைத் தேட வேண்டும். அளவு மீறினால் அந்த மருந்தே அழுக்காகி நுரைக்குத் துணைபோகும். கார்பன் ஃபில்டர் ஒழுங்காக ஓடினால் ஊற்றிய மருந்தையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால், கரியை அடைத்துக்கொண்டே மருந்தை ஊற்றிக்கொண்டிருக்கும் வேடிக்கையும் உண்டு.

வாசலைத் தாண்டி உள்ளே வருபவற்றில் என் அனுபவத்தில் மிகவும் கெட்டது உப்பு. கிணற்று நீரோடு சிறு துளிகளாக வரும் உப்பு எந்த ஃபில்டரிலும் பிடிபடாது, ஏனென்றால் அது கரைந்த நிலையில் இருக்கிறது. சூடு ஏற ஏறக் கிளைக்காலில் சோற்றுப்பு கரையும் அளவு குறைகிறது; ஆகவே நிலையத்திலேயே அதிகச் சூடான இடமான ரீபாய்லரின் நெருப்புக் குழாயின் மேல் அது வெள்ளைப் பாறையாகப் படிகிறது. படிந்த இடத்தில் சூடு கிளைக்காலுக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கிவிடும். இரவில் பர்னரை அணைத்துவிட்டு உடனே உள்ளே எட்டிப் பார்த்தால், உப்பு படிந்த இடங்கள் மட்டும் செக்கச் சிவந்து தெரியும். அதைக் கண்ட பிறகும் ரீபாய்லரை நிறுத்தாமல் ஓட்டினால் ஒருநாள் அந்தக் குழாய் ஓட்டையாகி, கிளைக்கால் நெருப்பில் ஒழுகும். ட்ரைஎத்திலீன் கிளைக்கால் சுமார் 206 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்குகிறது என்பதால், தெர்மாமீட்டர் 200 காட்டினாலும் அந்தச் சிவந்த இடங்களில் அது கருகிக்கொண்டுதான் இருக்கும். கருகிய கிளைக்காலை மூக்கே கண்டுபிடிக்கும். வெல்லப்பாகு தீய்ந்தது போன்ற இனிப்பு நெடி அடிக்கும். மண்ணெண்ணெய் வாடை வந்தால் உள்ளே எண்ணெய் சேர்ந்திருக்கிறது என்று பொருள். உப்பேறிய கிளைக்காலுக்கு நிலையத்துக்குள் வைத்தியம் இல்லை; மாற்றிவிட்டு, பழையதைக் காற்று நீக்கிய கலத்தில் காய்ச்சி வடிக்கும் வெற்றிட வடிப்புக்கு அனுப்ப வேண்டியதுதான்.

எண்ணெய் திரவமாகத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்பதில்லை. ஆவியாக வந்தும் டவருக்குள் திரவமாகும். உச்சியில் நுழையும் கிளைக்கால், அங்கே வரும் வாயுவைவிடக் குளிர்ந்திருந்தால் வாயுவிலுள்ள கனமான ஹைட்ரோகார்பன்கள் தட்டுகளின் மேலேயே குளிர்ந்து சொட்டும். கிளைக்கால் எப்போதும் வாயுவைவிட 3 முதல் 6 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். மிக அதிகச் சூடாக விட்டாலும் நீரைக் குடிக்கும் திறன் போய்விடும். நம் ஊரில் ஐப்பசி அடைமழை தொடங்கும்போது இது தவறிப்போகும். வெயில் காலத்துக்கு என்று வைத்த காற்றுக் குளிர்விப்பானின் விசிறிகள் மழைக்காற்றிலும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், கிளைக்கால் வேண்டிய அளவுக்கு மேல் குளிர்ந்துவிடும். வளைகுடாவில் இதற்கு நேர் எதிரான தொல்லை, கோடையில் எதுவுமே போதிய அளவு குளிராது. கையேட்டில் ஓர் எண்ணை எழுதி ஆண்டு முழுவதும் அதையே பிடித்துக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அமிலத்தன்மையில் நடக்கும் தவறு வேறு மாதிரியானது. சேமிப்புத் தொட்டி வழியாகக் காற்று புகுந்தாலும், ரீபாய்லரில் சூடு மிஞ்சினாலும் கிளைக்கால் அமிலமாகும், துரு பிறக்கும், அந்தத் துரு நுரையைத் தாங்கி நிறுத்தும். பி.எச். அளவு 7-க்கும் 8.5-க்கும் இடையில் இருப்பது நல்லது. 6-க்குக் கீழே போய்விட்டது என்று பதறி, அமிலத்தை முறிக்கும் அமீனை வாளிக்கணக்கில் ஊற்றினால் 9-ஐத் தாண்டிவிடும். அப்போது கிளைக்காலும் எண்ணெயும் பால்போலக் கலந்து நுரைக்கும், படிந்து கிடந்த கசடெல்லாம் பெயர்ந்து ஒரே நாளில் ஃபில்டர்களை அடைக்கும். சிறிது சிறிதாக, சில நாட்கள் எடுத்துக்கொண்டு ஊற்ற வேண்டும். அளப்பதற்கு முன்பும் கிளைக்காலுடன் சம அளவு வாலை வடிநீர் கலக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. இந்தச் சிறு விஷயம் தெரியாமல், இல்லாத நோய்க்கு மருந்து ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கிளைக்காலைப் பிடித்து, நன்றாகக் குலுக்கி, மேசைமேல் வைத்துவிட்டு நுரை எத்தனை வினாடியில் அடங்குகிறது என்று பார்த்தால் போதும். நல்ல கிளைக்காலில் ஐந்து வினாடிக்குள் அடங்கிவிடும். பாட்டிலின் பின்னால் கையை வைத்தால் விரல்கள் தெரிய வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்பினால் குளோரைடு லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள்ளும், எண்ணெய் 0.3 சதவீதத்துக்குள்ளும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால், எல்லாவற்றுக்கும் முந்திய சாட்சி லாக் புக்தான். ஒழுங்காக ஓடும் நிலையத்தில் பத்து லட்சம் கன மீட்டர் வாயுவுக்குக் கிளைக்கால் இழப்பு சுமார் 13 லிட்டரைத் தாண்டக் கூடாது. டாப்-அப் செய்த அளவைத் தினமும் எழுதிக் கூட்டிப் பார்த்தால், நுரை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எண் பேசத் தொடங்கிவிடும். எங்கள் நிலையத்திலும் அந்த எண்கள் இருந்தன. ஒவ்வொரு ஷிப்டும் தன் பங்கை மட்டும் எழுதியதால் மூன்று வாரமாக யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

சுற்றி இருப்பவர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. கிளைக்கால் தண்ணீரை மட்டும் குடிப்பதில்லை, வாயுவிலுள்ள பென்சீனையும் சிறிது குடித்துவிட்டு, ரீபாய்லரின் மேல்குழாய் வழியாக நீராவியோடு வெளியே விடுகிறது. பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டிலேயே இந்த உலர்த்தும் நிலையங்களின் புகைக்குத் தனி விதி வந்துவிட்டது. நுரையைக் காரணம் காட்டி பம்பின் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் அந்தக் குழாய் வழியாக வெளியேறும் பென்சீனும் கூடுகிறது.

ஆகவே, எண்ணெய்ச் சுரங்க விதிகளின்படி ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்குத் தங்கள் பத்திரிகை வாயிலாக ஒரு வேண்டுகோள். நிலையத்துக்குள் போனதும் வேலியையும் தீயணைப்புக் கருவிகளையும் பார்ப்பதோடு, கடந்த ஓராண்டின் கிளைக்கால் டாப்-அப் கணக்கையும், வெளியே போகும் வாயுவின் நீர்ப் பனிநிலைப் பதிவையும் (வாயுவிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகத் தொடங்கும் என்ற கணக்கு அது), கடைசியாகச் செய்த கிளைக்கால் பரிசோதனையின் முடிவையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். குழாய் செல்லும் ஊராட்சிகள் கேட்டால், பனிநிலைப் பதிவையாவது மாதம் ஒருமுறை காட்டுவதில் நிறுவனங்களுக்கு என்ன தயக்கம் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அதில் வியாபார ரகசியம் எதுவும் கிடையாது.

இன்னொன்று, நான் வேலை பார்த்த காலத்தில் இங்கே இரவு ஷிப்டில் வால்வைத் திறப்பவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே இருந்தார்கள். டெல்டா மாவட்டங்களின் பையன்கள், சுறுசுறுப்பானவர்கள். சுவரில் மாட்டியிருந்த இயக்கமுறைப் பலகையோ முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதி மாட்ட எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை, ஒரு பெயின்டர் போதும். எழுதும்போது, நுரை வந்தால் முதலில் செபரேட்டரின் லெவல் கண்ணாடியை முறைப்படி வடித்து, திரவம் இறங்கி மறுபடி ஏறுகிறதா என்று பாருங்கள் என்பதை முதல் வரியாகவும், பம்பின் வேகத்தைக் கூட்டாதீர்கள் என்பதை இரண்டாவது வரியாகவும் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எரிவாயு நிலைய ஷிப்ட் பொறுப்பாளர்,
திருவாரூர் மாவட்டம்